கோலம் விடுபட்ட படம்

போன வாரம் என் பழைய கேமராவைச் சுத்தம் செய்யக் கொடுத்திருந்தேன். திருச்சி மெயின்கார்டு கேட் பக்கம், ஒரு மாடிப்படிக்கு அடியில் கடை வைத்திருக்கும் மெக்கானிக். லென்ஸைக் கழற்றி வெள்ளைத் துணியில் தட்டியவர், துணியை முகர்ந்து பார்த்துவிட்டு, "என்ன தம்பி, ரைஸ் மில்லுல வேலை பாத்தீங்களா? வளையத்துக்குள்ள பூரா உமித்தூசு" என்றார்.

"இல்லண்ணே, போட்டோ எடுக்கப் போனப்ப ஒட்டுனது."

"மில்லுல என்னத்தப் போட்டோ எடுக்க?"

நியாயமான கேள்விதான். என் அம்மாவும் இதையேதான் கேட்டாள். "நல்ல வீடா ஒண்ணும் கெடைக்கலையா? இடிஞ்ச செவுத்த எதுக்குடா படம் புடிக்கிற?" வையம்பட்டிப் பக்கம் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அவ்வளவு படித்தவன் கடைசியில் குட்டிச்சுவர்களைத் தேடி அலைகிறான் என்பதை அவளால் ஊரில் யாரிடமும் விளக்க முடியவில்லை. அப்பாவுக்கு அந்தச் சிக்கல் இல்லை. நான் படத்துக்குக் கீழே எழுதுவதை ரேஷன் கடைக்காரரிடம் போனை நீட்டிப் படிக்கச் சொல்லிக் கேட்பார். புரியாத வார்த்தை வந்தால், மகன் நன்றாக எழுதியிருக்கிறான் என்று முடிவு செய்துகொள்வார்.

எல்லாம் ஒரு வீடியோவில் ஆரம்பித்தது. அப்போது கன்டோன்மென்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. கூட வேலை பார்த்த பாலக்கரை ஜாகீர் ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது, கனடாவில் எங்கோ புல்வெளியில் ஆள்கள் விட்டுப்போன ஊர்களைப் படமெடுக்கும் ஒருவனைக் காட்டினான். வானம் வரைக்கும் புல். நடுவில் மரத்தாலான உயரமான தானியக் கிடங்கு ஒன்று, சாய்ந்தபடி. சுற்றிலும் ஒரு காக்கை கூட இல்லை. சாப்பாடு ஆறும்வரை இருவரும் அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தோம். ஜாகீரின் மச்சான் குவைத்திலிருந்து கொண்டுவந்த கேமராவை நான் தவணையில் வாங்கிக்கொண்டேன். அவன் அத்தாவின் ஸ்கூட்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு. 'யாருமற்ற திருச்சி' என்று இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கினோம்.

தொடங்கிய பிறகுதான் தெரிந்தது, திருச்சியில் யாருமற்ற இடம் என்று ஒன்று கிடையாது. எவ்வளவு பாழடைந்த சுவராக இருந்தாலும் பின்னால் ஒருவர் ஒதுங்கியிருப்பார். மூடிய தொழிற்சாலைக்குள் சீட்டாட்டம் நடக்கும். இடிந்த பங்களாவில் ஆடு கட்டியிருக்கும், ஆட்டுக்காரர் வந்து, "எந்தப் பேப்பருங்க? பட்டா விஷயமா எழுதுவீங்களா?" என்பார். கனடாக்காரனுக்கு இந்தத் தொல்லையெல்லாம் இருந்திருக்காது.

ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் ஒரு வீடு எங்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. பூட்டில் துரு, ஓட்டில் செடி. ஜாகீர் கம்பி வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு மாமி வெளியே வந்தார்.

"யாரு, என்ன வேணும்?"

"யாரும் இல்லாத வீடுங்களாச்சேன்னு..."

"யார் சொன்னா இல்லைன்னு? பசங்க அமெரிக்காவுல இருக்கா. உள்ளே பெருமாள் எழுந்தருளியிருக்கார். காலம்பற நான்தான் திருவிளக்கேத்தி, பாலமுது கண்டருளப் பண்றேன்."

ஜாகீர் சட்டென்று கம்பியை விட்டுவிட்டு, "சாரிம்மா, சாமி இருக்கறது தெரியாது" என்றான். மாமி உள்ளே போய் ஆளுக்கு ஒரு வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தார். படம் எடுக்காமல் திரும்பினோம். வழியெல்லாம் நான் புலம்பினேன். ஒரு நல்ல படம் போச்சே என்று. அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். படித்தவன் அல்லவா, உறைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு மண்ணச்சநல்லூர். ஊருக்குள் நுழையும்போதே நெல் வேகும் வாசனை வந்து முகத்தில் மோதும். கொஞ்சம் புளிப்பும் கொஞ்சம் இனிப்புமாக. ஓடுகிற மில்களுக்கு நடுவே ஓடாத ஒன்றைக் கண்டுபிடித்தோம். புகைபோக்கியின் உச்சியில் அரசங்கன்று. நெல் காயவைக்கும் களம் முழுக்க வெடிப்பு, வெடிப்புக்குள் புல். ஜாகீர் பாய்ந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டான். "மாப்ள, கனடாடா!"

சுவர் இடிந்திருந்த இடம் வழியாக உள்ளே போனோம். எந்திரத்தின் சக்கரம், அறுந்த பெல்ட், மூலையில் உமிக் குவியல். காலை வைத்ததும் புகை மாதிரி கிளம்பியது. பின்பக்கம் வந்தபோது ஒரு சின்னக் கதவு. அதன் முன்னால் தரையில் கோலம். பன்னிரண்டு புள்ளி, அன்று காலையில் போட்டது. கொடியில் ஒரு பாவாடை, இரண்டு துண்டு.

"கோலம் அழகா இருக்குடா, சேத்து எடு" என்றான் ஜாகீர்.

"கோலம் வந்தா ஆள் இருக்கற மாதிரி தெரியும்டா."

"ஆள் இருக்காங்கன்னுதான்டா அர்த்தம்."

"அதுக்குத்தான் வேணாங்கறேன்."

கேமராவை ஒரு முழம் மேலே தூக்கினேன். கோலம் போனது. வலப்பக்கம் திருப்பினேன், கொடியும் போனது. அன்று இரவு படத்துக்குக் கீழே எழுதினேன்: 'மனித மூச்சு நின்றுபோன மில். இங்கே காற்று மட்டுமே நெல் குற்றுகிறது.' அந்த வரிக்காக என்னையே நான் மெச்சிக்கொண்டேன். மூன்றே நாளில் அந்தப் படம் எங்கெங்கோ போனது. யாரோ அதில் 'பேய் மில்' என்று பெரிதாக எழுதி அனுப்பிவிட்டார்கள்.

நாலாம் நாள் போன் வந்தது.

"யாருமற்ற திருச்சிங்களா?"

"ஆமாங்க, சொல்லுங்க."

"யாருமற்ற வீட்டுலேர்ந்து பேசுறேங்க."

அவள் பெயர் வளர்மதி. அந்த மில்காரரின் ஒரே மகள். பாய்லர் பழுதாகி மில் நின்றதிலிருந்து அம்மா அப்பாவோடு பின்பக்க இரண்டு அறைகளில் இருக்கிறார்கள். நாங்கள் போன ஞாயிறன்று மூவரும் சமயபுரம் கோயிலுக்குப் போயிருந்தார்கள். அவளுக்கு மணப்பாறையில் மாப்பிள்ளை பேசி, வருகிற வெள்ளிக்கிழமை கை நனைக்க வருவதாக இருந்தது.

எங்கள் பக்கத்து வழக்கம் இது. பெண் பார்க்க வருகிறவர்கள் காபியோடு நிறுத்திக்கொள்வார்கள். சம்பந்தம் உறுதி என்றால்தான் பெண் வீட்டில் இலை போட்டு உட்காருவார்கள். ஒரு கை சோறு உள்ளே போய்விட்டால் பிறகு பேச்சு மாறக் கூடாது. அந்த ஒரு கை சோற்றுக்கும் இவர்களுக்கும் நடுவில் என் படம் போய் நின்றுகொண்டிருந்தது.

"படத்த எடுத்துடறேங்க, இப்பவே" என்றேன்.

"நீங்க எடுத்தா? மாப்ள வீட்டுக்காரங்க போன்லேர்ந்து யாரு எடுக்கறது? வெள்ளிக்கெழமை நேர்ல வந்து சொல்லுங்க. எங்கப்பாவுக்குப் பேச வராது."

போனோம். களத்தைப் பெருக்கி நீர் தெளித்திருந்தார்கள். வளர்மதியின் அப்பா கஞ்சி மொடமொடக்கும் சட்டையில், தன் வீட்டுக்குத் தானே விருந்தாளி மாதிரி நின்றார். மாப்பிள்ளை வீட்டார் ஏழு பேர். மணப்பாறைக்காரர்கள் முறுக்கு இல்லாமல் வருவார்களா? பை மாப்பிள்ளையின் பெரியப்பா மடியில் இருந்தது. அவர் அதைக் கடைசிவரை கை மாற்றவில்லை என்பதை நான் பிறகுதான் யோசித்தேன்.

"போட்டோவுல வேற மாதிரி இருந்துச்சே" என்று அவர் ஆரம்பித்தார்.

நான் எழுந்தேன். "நான்தாங்க எடுத்தேன். வாசல்ல கோலம் இருந்துச்சு, துணி காஞ்சுது. வேணும்னேதான் விட்டுட்டு எடுத்தேன். அழகா இருக்கும்னு."

"படிச்ச புள்ளையா தம்பி?"

"டிகிரிங்க."

"அதான். படிச்ச புள்ள எழுதுனா உண்மையாத்தான் இருக்கும்னு நெனச்சிட்டோம். இப்பவும் உண்மையச் சொல்றியா, இல்ல அழகா இருக்கும்னு சொல்றியா?"

யாரோ சிரித்தார்கள். ஜாகீர்தான், "அல்லா மேல ஆணைங்க, நானும் பாத்தேன்" என்றான். அது சபையில் எடுபடவில்லை. உள்ளேயிருந்து சாம்பார் தாளிக்கும் சத்தம் வந்தது. பெரியப்பா எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்றார். வளர்மதியின் அப்பா வண்டிவரை கூடவே போனார். "ஒரு வாய் சாப்டுட்டுப் போங்களேன்" என்று மூன்று முறை சொன்னார். பிறகு ஜாதகத்தில் ஏதோ தோஷம் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்களாம்.

அந்த ஏழு பேருக்குப் போட்ட இலைகளில் இரண்டில் நானும் ஜாகீரும் உட்கார்ந்தோம். வேண்டாம் என்று சொல்லும் தைரியம் எங்களுக்கு இல்லை. வளர்மதி அழவில்லை. கரண்டி நிறையச் சோற்றை என் இலையில் போட்டு, "நல்லாச் சாப்புடுங்க. காத்து குத்துன நெல்லு" என்றாள். அவள் அம்மா மட்டும், "அப்படிப் பேசாத பாப்பா, சாப்புடற புள்ளைங்க" என்று அதட்டி, எனக்கு இரண்டாவது அப்பளம் வைத்தார்.

அந்தப் பக்கத்தை மூடிவிட்டோம். ஜாகீர் இப்போது குவைத்தில், மச்சானோடு. வளர்மதிக்கு இரண்டு வருடம் கழித்து வேறு எங்கோ கல்யாணம் ஆனதாகக் கேள்வி. அதற்காக மில்லை விற்றார்களா, விற்ற பிறகு கல்யாணமா தெரியவில்லை. இந்த வருடம் அந்த வழியாகப் போனபோது புகைபோக்கியைக் காணோம். மஞ்சள் கல் நட்டு மனை பிரித்திருந்தார்கள். எதிர் டீக்கடைக்காரரிடம், "இங்க ஒரு மில் இருந்துச்சே?" என்றேன். "மில்லா? எனக்குத் தெரிஞ்சு பிளாட்தாங்க. வேணுமா, நம்பர் தரட்டா?" என்றார்.

வீட்டுக்கு வந்து பழைய படங்களைத் தேடினேன். சுவர்கள், பூட்டுகள், துருப்பிடித்த சக்கரங்கள் எல்லாம் தேதிவாரியாக இருக்கின்றன. அந்த மூன்று பேரின் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. வளர்மதியின் அம்மாவின் பெயரையும் நான் கேட்டு வைக்கவில்லை.