கழற்ற முடியாத டிஸ்க்

அஸர் பாங்குக்குக் கால்மணி நேரம் இருக்கும்போது சபூறா லெப்டொப்பைக் கவிழ்த்துப் போடுகிறார். சின்ன மூடியின் இரண்டு ஆணிகளைத் திருகி எடுத்து, ஹார்ட் டிஸ்க்கை வெளியே இழுத்து, வெள்ளைத் துணியில் சுற்றிக் கைப்பைக்குள் வைக்கிறார். பிறகுதான் வேலை முடிந்து கந்தோர்க் கதவைப் பூட்டுவார்கள். காலையில் வந்து அதே டிஸ்க்கை அதே இடத்தில் பூட்டுவார். பதினோரு வருடமாக இதுதான் வழக்கம். இதற்கு முன்னிருந்த லெப்டொப்பும் அதே கொம்பனிதான், அதற்கும் இதே சடங்குதான்.

கல்முனையில் காணிப் பத்திரம் முடிக்கிற ஒரு நொத்தாரிசுவிடம், அந்தப் பத்திரங்களை, அதாவது உறுதிகளை, டைப் பண்ணுபவர் சபூறா. இந்தப் பக்கம் பெண்பிள்ளைக்குக் கல்யாணம் என்றால் முதலில் வீடு. வளவுக் காணியும் வீடும் பிள்ளையின் பெயருக்கு வந்தால்தான் மற்றப் பேச்சு. அப்படி வருகிற ஒவ்வொரு உறுதியையும், காணி முன்பு கைமாறிய பழைய தாய் உறுதியையும் ஸ்கேன் பண்ணி வைத்துக்கொள்வார். "சபூறா ராத்தாட்ட ஒரு கொப்பி கிடக்கு" என்று ஊர்ப் பெண்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த நிம்மதி சபூறாவுக்கு மட்டும் கிடையாது.

கடல் ஊருக்குள் வந்த வருடம் அவருக்குப் பத்தொன்பது வயது. வீடு போனது, அலுமாரி போனது, அலுமாரிக்குள் இருந்த உறுதியும் போனது. தண்ணீர் வற்றியபோது வேலியுமில்லை, மரமுமில்லை. பக்கத்து வளவுக்காரர் கயிறு பிடித்து அளந்தார், உம்மா பார்த்துக்கொண்டு நின்றார். பதிவுக் கந்தோரில் போய்த் தேடினால் அந்தப் பழைய உறுதி பதியப்படவே இல்லை. "எங்கட கிணறு அவங்கட பக்கம் போயிட்டு. கடதாசி இல்லாத ஆக்கள்ட கதைய ஆரு கேக்கிற?" என்று சபூறா இப்போதும் சொல்வார். இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் கடல் வருகுதாம் என்று அறிவித்தபோது, ஊரே செருப்பில்லாமல் ஓடியது. சபூறா நின்று இரண்டு ஆணிகளைக் கழற்றிவிட்டுத்தான் ஓடினார்.

போன மாதம் லெப்டொப் இரும ஆரம்பித்தது. உள்ளே காற்றாடி கரகரக்கும், அரைமணிக்கொரு தரம் திரை இருண்டுவிடும். நொத்தாரிசு புதிது வாங்கித் தருகிறேன் என்றார். அதே கொம்பனிதான் வேண்டும் என்று அடம்பிடித்தவர் சபூறாவேதான். பெட்டியைப் பிரித்ததும் முதல் வேலையாகத் திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கம் வழுவழுவென்று இருந்தது. எந்த மூடியும் இல்லை. உடனே அதைத் தூக்கிக்கொண்டு நல்லரெத்தினத்திடம் போனார். பஸார் வீதியில் இருபது வருடமாகக் கொம்பியூட்டர் திருத்துகிறவர் அவர்.

"இதில கழட்ட ஒண்டும் இல்ல தங்கச்சி," என்றார் அவர். "முதல்ல பற்றரியை உள்ளுக்க வச்சு மூடினான். பிறகு வயர் குத்துற இடங்களக் குறைச்சான். அதுக்குப் பிறகு மெமரிய ஒட்டினான். இப்ப டிஸ்க்கையும் போர்ட்டோட சேத்து ஈயம் வச்சிட்டான். போர்ட் செத்தா உள்ளுக்க இருக்கிறதும் சேந்து போகும்."

"வேற மொடல் இல்லியா அண்ணன்?"

"இந்தக் கொம்பனில இனி எல்லாம் இப்பிடித்தான். மெலிசா வேணுமாம்."

மெலிசாக வேண்டும் என்று கல்முனையில் யார் அழுதது? கொப்பியை வெளி டிஸ்க்கில் எடுத்து வையுங்கள் என்றார் நல்லரெத்தினம். அப்படி வைத்த ஒன்று மேசையிலிருந்து விழுந்து ஒரே நாளில் செத்ததைச் சபூறா மறக்கவில்லை. அப்படியென்றால் இன்டர்நெட்டில் வைக்கலாமே என்றார் அவர். "ஊர்ப் பொம்புளையள்ட உறுதியக் கொண்டு போய் எவண்ட வீட்டில வைக்கச் சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டுச் சபூறா வந்துவிட்டார். அன்றிலிருந்து தொழுகையில் நெற்றி நிலத்தில் பட்டாலும் அந்த ஈயம்தான் நினைவுக்கு வருகிறது. பயம் என்றால் சும்மா பயமில்லை, சோறு இறங்காத பயம்.

சென்ற வியாழன் பழைய லெப்டொப் எழும்பவேயில்லை. டிஸ்க் தப்பியது, அதுவரைக்கும் அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அன்றைக்குத்தான் சிபானா வந்தாள். பத்து நாளில் கல்யாணம். கடற்கரை வீதியில் உம்மா கொடுத்த வீடு, கையில் மடிப்பெல்லாம் கிழிந்த தாய் உறுதி. அதுவும் பதியாத உறுதிதான். புது லெப்டொப்புக்குள் போகப்போகிற முதல் உறுதி அது.

சபூறா ஸ்கேன் பண்ணினார். சேவ் பண்ணுகிற இடத்தில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அழுத்தினார்.

"முடிஞ்சா ராத்தா? நான் போகட்டா?"

"இரி புள்ள. உன்ட வளவுக்கு வடக்கால ஆரு?"

"றாஸிக் மாமாட வளவு."

"கிழக்கால?"

"கடற்கர ரோட்டு."

"வடக்குத் தெற்கு எத்தின அடி?"

சிபானா சிரித்தாள். "அதெல்லாம் உறுதியில இரிக்கிதானே. கொம்பியூட்டர்லயும் போட்டுட்டீங்க."

சபூறா சிரிக்கவில்லை. உறுதியை அவள் பக்கம் திருப்பி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக் காட்டினார். எழுபத்தெட்டு அடி. நாற்பத்தாறு அடி. தெற்கே ஒழுங்கை. மேற்கே சல்மா உம்மாவின் மதில். இரண்டு தரம் வாசிக்க வைத்தார். மூன்றாவது தரம் அவள் குனிந்தபோது, எழுத்து ஒன்றும் தெரியாதபடி இரண்டு உள்ளங்கைகளையும் உறுதியின் மேல் விரித்து அழுத்திக்கொண்டார்.

"இனிப் பாக்காமச் சொல்லு."