பூசையில் இருந்த பந்து

ஷேக் மைதீன் தன் வாழ்நாளில் ஒருமுறைகூடப் பந்தை உதைத்தவரில்லை. வில்லியனூர் கடைத்தெருவில் துணி கிழித்துக் கொடுப்பவர். பிரெஞ்சில் நாலு வரி எழுதத் தெரியும் என்ற ஒரே குற்றத்துக்காக ஊர்க் கால்பந்து கிளப்பின் செயலாளர் வேலையை அவர் தலையில் கட்டிவிட்டார்கள். பன்னிரண்டு வருஷமாக அதை இறக்கி வைக்க முடியவில்லை.

1934இல் கரும்பு விலை படுத்துவிட்டது. சந்தா கொடுத்துவந்த குடியானவர்கள் அவரைக் கண்டாலே வேறு தெருவில் திரும்பினார்கள். இருந்த இரண்டு பந்தில் ஒன்று வெடித்தது. வேறு வாங்க வக்கில்லை. புதுச்சேரிப் போட்டிகளில் சேரக் கட்டவேண்டிய பணத்துக்கு மனைவி அஸ்மாவின் வளையல்கள் அடகுக்குப் போயின. வெள்ளிக்கிழமைக்குள் மீட்காவிட்டால் மூழ்கிப்போகும்.

மைதீன் மூளையைக் கசக்கினார். டவுன் டீமை இங்கே வரவழைத்து, மைதானத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, ஆளுக்குக் காலணா வாங்கினால்? ஊரே வேலைக்குப் போகாத நாளாகப் பார்த்து அவரே தேதி குறித்தார். ஆயுத பூசை. அட, நமக்கும் மூளை இருக்கிறதே என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டார்.

கூட்டம் வந்தது. செலியமேட்டிலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். மண்ணெண்ணெய் டின் நிறையச் சில்லறை. ரயிலில் வந்திறங்கிய டவுன் டீம் கால்களை உதறிக்கொண்டு நின்றது. அழைத்த ஊர்தான் பந்து கொண்டுவர வேண்டும்; அது மட்டும் வரவில்லை. அது கிளப் தலைவர் சுப்பராயலு ரெட்டியார் வீட்டில் இருந்தது. மைதீன் ஓடினார்.

"பந்தா? அது பூசையில இருக்குது பாய். ஏரு, மம்பட்டியோட வச்சுட்டோம். நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும்," என்றார் ரெட்டியார் சாவகாசமாக.

"ஊரே வந்து குந்திக்கினு இருக்குது ரெட்டியாரே!"

"அதுக்கு நான் இன்னா பண்றது? இன்னிக்குப் பாத்து ஆட்டம் வச்சது யாரு?"

மைதீனுக்குத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பின்னாலேயே ஓடிவந்த ஊர் டீமின் கோல்கீப்பர் கண்ணையன் ஒரு யோசனை சொன்னான். "நாங்க தொட்டாதான் பாய் தப்பு. உங்களுக்கு இன்னா? நீங்க எடுத்துக்கினு வாங்க."

ரெட்டியார் சம்மதம்போல முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மைதீன் கூடத்துக்குள் போனார். ஏருக்கும் அரிவாளுக்கும் நடுவில் பந்து. எண்ணெய் போட்டுத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மேலே ஒரு சாமந்திப்பூ. பக்கத்தில் கிளப் நோட்டு. அட்டையில் அவர் கைப்பட எழுதிய அவர் பெயருக்கு மேலேயும் ஒரு சந்தனப் பொட்டு. கையை நீட்டினார். நீட்டிய கையாலேயே தலையில் அடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

விஷயத்தைக் கேட்ட கூட்டம் கொஞ்சமும் கோபப்படவில்லை. "பூசையில வச்சத எப்படி எடுக்கறது? ரெட்டியார் சொல்றது நாயந்தானே!" என்றது. அதே வாயால், "எங்க காசக் குடு பாய்," என்றும் கேட்டது. கொடுத்தார். கடைசி ஆறு பேர் வருவதற்குள் டின் காலி. எந்தப் புண்ணியவான்கள் இரண்டுமுறை வாங்கினார்களோ! அந்த ஆறு பேருக்கும் தன் மடியிலிருந்து கொடுத்தார்.

வீட்டில் அஸ்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். வளையல் இல்லாத தன் வெறும் கைகளைப் பார்த்தாள்.

"அவங்களே எடுத்துக்கச் சொன்னாங்கதானே? எடுத்துக்கினு வர உங்களுக்கு இன்னா கேடு?"

மைதீனுக்கு வந்ததே கோபம்!

"அறிவிருக்காடி உனக்கு? பூசையில வச்ச பொருளை எப்படிடி எடுக்கறது?"