ஊறல் தொட்டியில் மூன்று நாள்

நன்னிலம் பக்கம் வாய்க்கால் ஓரமாகச் சின்ன அரிசி ஆலை ஒன்று வைத்திருந்தேன். ஓர் ஆயில் இன்ஜின், உமி நீக்க ஒரு ஹல்லர், நெல் ஊறப்போட ஒரு சிமெண்ட் தொட்டி, அவிக்க ஓர் அடுப்பு, காயவைக்க ஒரு களம். அவ்வளவுதான் என் சாம்ராஜ்யம். ஆலை நின்ற மனைகூட ஊர் மிராசுதாருடையது. முப்பத்திரண்டு வயதிலேயே எனக்கு வயிற்றில் புண். ராத்திரியில் தூக்கமும் கிடையாது. "எதையும் மனசுல போட்டுக்காதீங்க" என்றார் டாக்டர். வேறு எங்கே போட்டுக்கொள்வது என்று அந்த மனுஷர் சொல்லவில்லை.

நானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தேன். ஹல்லருக்குப் போகும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இன்ஜினை மட்டும் ஓடவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். அந்தச் சத்தத்தில் எவன் கூப்பிட்டாலும் காதில் விழாது. டீசலை இப்படி வீணாக்குகிறேனே என்று மனைவி சண்டை பிடிப்பாள்.

அந்த வருஷம் சம்பா அறுவடையில் கூலித் தகராறு. அறுப்புக்கு இவ்வளவு நெல் அளக்க வேண்டும் என்று சென்னையில் சட்டம் போட்டிருந்தார்கள். அது எங்கள் ஊர்க் களத்துக்கு வந்து சேரவில்லை. விவசாயத் தொழிலாளர் சங்கத்து ஆட்கள் அரிவாளைக் கீழே வைத்தார்கள். மிராசுதார்கள் லாரியில் வெளியூர் ஆட்களை இறக்கி அறுத்தார்கள். அதனால் அந்தத் தை மாதம் யாரும் ஒரு மூட்டையைத் தொடுவதற்கு முன்னால் கேட்பது ஒன்றுதான்: யார் கை அறுத்தது? வெளியாள் அறுத்த நெல்லை உள்ளூர் ஆள் சுமக்கவும் மாட்டார், அவிக்கவும் மாட்டார்.

நான் கேட்கவில்லை. பத்து நாளாக ஆலை சும்மா கிடந்தது. மிராசுதாரின் வண்டிகள் நாற்பது மூட்டையோடு வந்து நின்றதும் எனக்குப் புத்தி மழுங்கிவிட்டது. நெல்லைத் தொட்டியில் கொட்டித் தண்ணீரையும் திறந்துவிட்டேன். ஊறிய நெல்லை மறுநாளே அவித்தாக வேண்டும்.

மறுநாள், என் ஆலையில் நெல் அவிக்கிற உள்ளூர்ப் பெண்கள் எட்டுப் பேரும் வரவில்லை. நானும் மனைவியும் கூடை கூடையாக அள்ளி அடுப்பில் ஏற்றினோம். பொழுது சாய்வதற்குள் இரண்டு மூட்டைகூட முடியவில்லை. தண்ணீரை மட்டும் மாற்றிவிட்டு உட்கார்ந்தேன்.

"அவங்க தெருவுக்கு நீங்களே போய்க் கேளுங்களேன்" என்றாள் மனைவி.

எனக்குத் தைரியம் இல்லை. முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? நெல் கெட்டால் மிராசுதார் மனையைக் காலி செய்யச் சொல்வார். கெடாமல் காப்பாற்றினால் சங்கத்துக்காரர்கள் தங்கள் கூலி நெல்லை இனி என்னிடம் கொண்டுவர மாட்டார்கள். அதற்கு அடுத்த நாள் மனைவி பக்கத்து ஊரில் ஆள் கேட்கப் போனாள். நான் இன்ஜினை ஓடவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். டீசல் தீரும்வரை உள்ளேயே கிடந்தேன். மனைவியும் வெறுங்கையோடு திரும்பினாள்.

நெல் ஊறி மூன்றாம் நாள் காலை தொட்டி புளித்து நாறியது. கையை விட்டு அள்ளினால் நெல் முளைவிட்டிருந்தது. அப்போதுதான் ஓடினேன். எட்டுப் பேருக்கும் தலைவி மாதிரி இருந்த அம்மாள் வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார். "ஏம்மா, ஒரு தடவை மட்டும் வாங்கம்மா, உங்க கால்ல வேணாலும் விழுறேன்" என்றேன்.

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "நேத்து மத்தியானம் எட்டுப் பேரும் வந்தோமே மொதலாளி. ஊறுன நெல்லு அழுகிப்போகக் கூடாது, அது சோறு, அவிச்சுக் குடுத்துட்டு வந்துடறோம்னு சங்கத்துல சொல்லிட்டுத்தான் வந்தோம். கதவைத் தட்டித் தட்டி கை ஓஞ்சுபோச்சு. நீங்க தெறக்கல. எங்க கை வேணாம்னு நெனைச்சுட்டீங்கன்னு திரும்பிட்டோம்."

கையில் ஒட்டியிருந்த முளைவிட்ட நெல்லைக் காட்டினேன். இனி அவித்தும் பிரயோசனமில்லை என்று அவருக்கும் தெரிந்தது. "ஆடுமாடுகூட மோந்து பாக்காது" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டார்.

திரும்பி வந்தபோது மிராசுதார் தொட்டியருகே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"ஏன்யா, இது நீ கெடுத்ததா, அவளுங்க கெடுத்ததா?"

"ஐயா, நேத்து அவங்க..."

"நான் சொல்றதைக் கேளு. அவளுங்க வந்து தொட்டியில எதையோ கலந்துட்டாளுங்கன்னு போலீசுக்கு ஒரு கடுதாசி எழுதிக் குடு. இந்த நெல்லை உங்கிட்ட நான் கேக்கமாட்டேன். ஆலையும் இங்கயே இருக்கட்டும்."

அவர் காட்டிய இடத்தில் உட்கார்ந்தேன். எட்டுப் பேர் பெயரும் எனக்குத் தெரியும். எந்தப் பெண் யார் சம்சாரம் என்பதுவரை தெரியும். ஒருவரும் விட்டுப்போகாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மனைவி பார்த்துக்கொண்டே நின்றாள்.

வீட்டுக்குப் போய்ச் சோறு இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். சாயங்காலம் மனைவி தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"எட்டுப் பேரையும் போலீஸ் வேன்ல ஏத்திட்டாங்க. அந்தத் தெருவே அழுவுது. உங்களுக்கு எப்படிங்க தூக்கம் வருது?"

வந்தது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் ஆழ்ந்து தூங்கினேன். செய்ததைவிட, செய்துவிட்டுத் தூங்கினேனே, அதை நினைத்தால்தான் எனக்கு என்னையே பிடிக்காமல் போகிறது.