கணவர் வீடு என் முகவரி அல்ல

அயர்லாந்தில் நர்ஸ் வேலைக்கு நான் தேர்வானபோது என் ஆதாரில் சீர்காழி முகவரி இருந்தது. அது என் கணவர் வீடு. அவர் இரண்டாம் முறை கையோங்கிய அன்றே அங்கிருந்து கிளம்பி, குடவாசல் பக்கம் எங்கள் ஊருக்கு வந்துவிட்டேன். அப்பா அம்மா போன பிறகு எங்கள் வீட்டில் தம்பி குடும்பமும் நானும்தான். கரண்ட் பில், வீட்டு வரி, கேஸ் எல்லாம் தம்பி பெயரில். வருடக்கணக்கில் அங்கே இருந்த எனக்கு, இருக்கிறேன் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

விசாவுக்கு இப்போது வசிக்கும் இடத்தின் சான்று வேண்டும் என்றார்கள். தம்பி ஒரு கையெழுத்துப் போட்டால் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

"மாமா வீட்டு அட்ரஸே இருந்துட்டுப் போகட்டுமேக்கா. நான் அவர்கிட்ட பேசுறேன்" என்றான், சோற்றைப் பிசைந்தபடி. பிறகு அவனே சொன்னான்: "இந்த வீட்டு அட்ரஸ்ல உன் பேர் ஏறிட்டா, நாளைக்குப் பாகம் கீகம்னு..."

"பாகம் சட்டத்துலேயே இருக்குடா. அதுக்கு உன் கையெழுத்து வேண்டாம்" என்று எழுந்துவிட்டேன்.

மறுநாள் இ-சேவை மையத்தில் இருப்பிடச் சான்றுக்கு நானே விண்ணப்பித்துவிட்டு, கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கப் போனேன். பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல் சான்று வாங்க வந்த விவசாயிகள் வாசல்வரை நின்றார்கள். என் முறை வந்ததும் அவர் ஆதாரைத் திருப்பிப் பார்த்தார்.

"கல்யாணம் ஆனவங்களுக்குக் கணவர் இருக்கற இடந்தானேம்மா அட்ரஸ்? அங்க போய் வாங்கிக்கங்க."

"நான் அங்க இல்லையே சார். இல்லாதவளுக்கு அங்க எப்படி எழுதித் தருவாங்க?"

"அப்ப உங்க தம்பியக் கூட்டிட்டு வாங்க."

"அவன் வரமாட்டான். நீங்க வாங்க. தெருவுல யார வேணா கேளுங்க. நான் இங்க இல்லைன்னு ஒருத்தர் சொன்னாலும் மனுவத் தள்ளிடுங்க."

பின்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். என் குரல் உயர்ந்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. தாழ்த்திக்கொள்ளவில்லை.

அந்த வாரமே அவர் வந்தார். நடவு முடிந்து கரையேறிய பெண்கள் சேற்றுக் காலோடு வீட்டு முன்னால் கூடிவிட்டார்கள். "எங்க வீட்டுக்காரருக்குத் தினம் இன்சுலின் போடறதே இந்தப் பொண்ணுதான். வேற எங்க இருக்கும்?" என்றார் எதிர்வீட்டு அக்கா. அலுவலர் தம்பி பக்கம் திரும்பினார்.

"ஏங்க, உங்க அக்கா இங்கதான் இருக்காங்களா?"

அத்தனை பேருக்கு முன்னால் அவனால் வேறெதுவும் சொல்ல முடியவில்லை. "ஆமா சார்" என்று விசாரணைத் தாளில் கையெழுத்துப் போட்டான்.

மாலையில் என் அறை வாசலில் வந்து நின்றான். "பாகம் கேக்கமாட்டேல்லக்கா?"

மாட்டேன் என்று சொல்லியிருந்தால் வீடு அமைதியாக இருந்திருக்கும். "கேப்பேன்" என்றேன். அதன் பிறகு அவன் என்னோடு பேசவில்லை.

சான்றிதழ் கணவர் பெயரோடு வந்தது. திருப்பிக் கொடுத்து, அப்பா பெயரைப் போட வைத்தேன். வேலையில் சேரும் தேதி தவறிவிடும் என்று, என்னை அனுப்பும் ஏஜென்சியில் பயமுறுத்தினார்கள். தவறவில்லை, விசா வந்தது. திருச்சி விமான நிலையத்துக்கு எதிர்வீட்டு அக்கா மட்டும் வந்திருந்தார்.

இங்கே அயர்லாந்தில் குடியிருப்பு அனுமதிக்குப் போனபோது, சொந்த ஊரில் முகவரி என்ன என்று கேட்டார்கள். எங்கள் வீட்டு முகவரியைக் கதவு எண்ணோடு நிறுத்தி, தெளிவாகச் சொன்னேன்.