சாலையைக் கடந்துகொண்டே இருப்பவர்

அந்த ஓரத்தைத் தொட்டதும் ரோமுவால்ட் திரும்பிவிடுவார். நின்று மூச்சு வாங்குவதெல்லாம் கிடையாது. இடதுகாலை ஊன்றி வலதுகாலால் ஓர் அரைவட்டம், மறுபடி நடை. சாலையின் குறுக்கே ஜீப்ரா கோடுகள் பதினொன்று இருக்கின்றன. காலை எட்டு மணிக்குத் தொடங்கினால் பகல் பன்னிரண்டுக்குள் முந்நூறு தடவையாவது கடந்துவிடுவார். கடந்து போய் அவருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. "ரோட்டைத் தாண்ட எனக்கு உரிமை இருக்கு. எத்தனை தடவைன்னு சட்டத்துல எழுதல" என்பார்.

பூக் ஆற்றுப் பாலத்தில் இருக்கும் எல்லைச் சாவடிக்குப் போகிற சாலை அது. நடந்து கடக்கிறவர் கோட்டில் கால் வைத்துவிட்டால் வண்டி நின்றாக வேண்டும் என்பது போலந்துச் சட்டம். இருபது விவசாயிகள் முன்னும் பின்னுமாக ஓயாமல் கடந்துகொண்டிருந்தால் நாற்பது டன் லாரியும் கைகட்டி நிற்கத்தான் வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை போலீஸ்காரர் கையைத் தூக்குவார். எல்லோரும் ஓரமாக ஒதுங்கி ஐந்து நிமிடம் தேநீர் குடிப்பார்கள், பத்துப் பதினைந்து வண்டிகள் போகும், பிறகு மறுபடி நடை. இந்தக் கூட்டத்துக்கு முறைப்படி அனுமதி வாங்கியிருக்கிறார்கள். அந்தத் தாளில் பொறுப்பாளர் என்ற இடத்தில் ரோமுவால்டின் கையெழுத்து இருக்கிறது. அவர் இறங்கிப் போனால் கூட்டம் கலைந்ததாகக் கணக்கு.

கோரிக்கை ஒன்றுதான். பக்கத்து நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரக் கூடாது. அந்த நாட்டின் பெயரை ரோமுவால்ட் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. 'ஆத்துக்கு அந்தப் பக்கம்' என்றுதான் சொல்வார். "ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஆளோட வயல் நம்ம ஊர் அத்தனையும் சேர்ந்த அளவு. கறுப்பு மண்ணு. உரமே கேக்காது. அவங்க யூனியனுக்குள்ள வந்தா நம்ம கோதுமையைக் கோழிக்குக்கூடப் போட முடியாது. கோழியும் அங்கேருந்துதான் வரும்." தொலைக்காட்சியில் கேட்கிற புள்ளிவிவரங்களை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்வார். பன்னிரண்டு மணிக்குள் வியர்வையில் எல்லாம் கலைந்து, மூன்று கோடி ஹெக்டேர் முப்பது கோடியாகிவிடும்.

வயது ஐம்பத்தொன்பது. மழையோ வெயிலோ, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். வலது பையில் காகிதத்தில் மடித்த உப்பு, இடது பையில் இரண்டு அவித்த முட்டை. நடந்தபடியே முட்டையை உரித்து, நடந்தபடியே தின்பார். ஓட்டைக் கீழே போடாமல் பைக்குள் போட்டுக்கொள்வார், சாலையை அசுத்தமாக்கினால் அபராதம் என்பதால். மனைவி இரேனாவுக்கு இந்தப் போராட்டத்தைப் பற்றி ஒரே ஓர் அபிப்பிராயம் உண்டு. "பால் வாங்க முக்குக் கடைக்குப் போகச் சொன்னா முட்டி வலிக்குதும்பாரு" என்கிறாள்.

போர் தொடங்கிய வாரத்தில் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதினோரு பேரை, பெண்களும் குழந்தைகளுமாக, தன் மூன்று அறை வீட்டில் இரண்டு மாதம் வைத்திருந்தவரும் இதே ரோமுவால்ட்தான். அவரும் இரேனாவும் அடுப்படியில் படுத்தார்கள். அதைப் பற்றி யாராவது எடுத்தால் அவருக்குக் கோபம் வரும். "அது வேற" என்று வெட்டிவிடுவார்.

அவருக்குக் கோதுமை போக நாலு ஏக்கர் ராஸ்பெர்ரி இருக்கிறது. வீட்டில் அடுப்பெரிவது கோதுமையால் அல்ல, அந்த நாலு ஏக்கரால். ராஸ்பெர்ரி பொல்லாத பழம். கனிந்த அன்றைக்கே பறிக்க வேண்டும், ஒரு நாள் தள்ளினால் கையில் எடுக்கும்போதே குழைந்துவிடும். போலந்துப் பிள்ளைகள் யாரும் இப்போது குனிந்து பழம் பறிப்பதில்லை, ஜெர்மனிக்கும் நார்வேக்கும் போய்விடுகிறார்கள். ஆகவே பன்னிரண்டு வருஷமாக ரோமுவால்டின் பழத்தைப் பறிப்பவர்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பெண்கள். அவர்களுக்குத் தலைவி ஒரிஸ்யா. ஐம்பத்திரண்டு வயது, கணவர் இல்லை, ஒரே மகன் படையில். பன்னிரண்டு வருஷமாகியும் அவள் இவரை ஐயா என்பாள், இவர் அவளை அம்மா என்பார். ஒருநாளும் 'நீங்க' 'நீ' ஆனதில்லை.

போன செப்டம்பரில் மூன்று நாள் விடாமல் மழை. நாலாம் நாள் வெயில் அடித்தது. நாலு ஏக்கரும் ஒரே மூச்சில் கனிந்துவிட்டது. குளிர்பதனக் கிடங்கின் லாரி அன்று மாலை ஏழு மணிக்கு வரும். அதற்குள் பறித்தாக வேண்டும், இல்லாவிட்டால் அந்த வருஷத்துப் பழத்தில் பாதி மண்ணுக்கு. ஒரிஸ்யாவும் ஐந்து பெண்களும் காலை பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வந்தார்கள். சாவடியைத் தாண்டி, ஜீப்ரா கோட்டுக்கு முன்னால் நின்ற வரிசையில் நாற்பதாவது வண்டியாக அந்த பஸ் நின்றது.

ஒன்பதரை மணிக்கு, லாரிகளின் ஓரமாக, இரண்டு கையிலும் பையோடு ஒரிஸ்யா நடந்து வந்தாள். பின்னால் ஐந்து பேர். கோட்டில் கால் வைத்தாள். எதிரே ரோமுவால்ட் வந்துகொண்டிருந்தார். அவரால் நிற்க முடியாது, நின்றால் லாரிக்காரன் நுழைந்துவிடுவான். ஒரிஸ்யாவே திரும்பி அவரோடு கூட நடந்தாள்.

"ஐயா, பஸ் நாப்பதாவதா நிக்குது. நீங்க இப்படியே நடந்தா நாங்க தோட்டத்துக்கு நாளைக்குத்தான் வருவோம்."

"பன்னெண்டு மணி வரைக்கும் நடக்கணும்."

"பழம்?"

ஓரம் வந்தது. திரும்பினார். "கனிஞ்சிருச்சு" என்றார், முகத்தைப் பார்க்காமல்.

"அப்ப இன்னிக்குப் பறிக்கலைன்னா ஜாமுக்குக்கூட ஆகாது."

பின்னால் நடந்துவந்த பொலெக், ரோமுவால்டோடு ஒன்றாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், இதையெல்லாம் சும்மா விடுகிற ஆள் இல்லை. "டேய் ரோமெக்! அந்தப் பக்கத்து அம்மாவும் நம்ம கூட்டத்துல சேர்ந்துட்டாங்களா?"

"சேர்ந்துட்டேங்க" என்றாள் ஒரிஸ்யா. "எங்க நாடு யூனியன்ல வரவே கூடாது. வந்துட்டா நான் நேரா நார்வேக்குப் போயிருவேன். அப்புறம் இவர் பழத்தை யார் பறிப்பா, நீங்களா?"

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டார். ரோமுவால்ட் மட்டும் சிரிக்கவில்லை. வேகமாக நடந்தார். ஒரிஸ்யாவும் பைகளோடு வேகமாக நடந்தாள்.

"சொல்லுங்க ஐயா. நாங்க ஏன் வரக் கூடாது?"

"வரக் கூடாதுன்னு யாரும்மா சொன்னா? வேலைக்கு வாங்க. சண்டை ஓயற வரைக்கும் என் வீட்டுலயே இருங்க. விருந்தாளியா வாங்க. பங்காளியா வராதீங்க, அவ்வளவுதான்."

"விருந்தாளின்னா உக்கார வச்சுச் சோறு போடணும். பன்னெண்டு வருஷமா முதுகு வளைச்சு உங்க பழத்தைப் பறிக்கிறவளுக்கு என்ன பேரு வச்சிருக்கீங்க?"

அவர் கோடுகளை எண்ணிக்கொண்டு நடந்தார். பதினொரு கோடுகள். திரும்பி, மறுபடி பதினொன்று.

"எப்படியும் அடுத்த வருஷம் நான் வரல" என்றாள் ஒரிஸ்யா, கொஞ்சம் தணிந்த குரலில். "வீட்டுக்குப் பின்னால நாப்பது சென்ட் இருக்குல்ல, அதுல ராஸ்பெர்ரி போடறேன். ரெண்டு மாட்டையும் வித்து வேலி போட்டாச்சு. அக்டோபர்ல கன்னு நடணும். பையன் திரும்பி வந்தா அவனுக்கு ஒரு வேலை வேணுமே."

"என்ன வகை?" என்று ரோமுவால்ட் கேட்டுவிட்டார். கேட்டிருக்க வேண்டாம் என்று கேட்ட பிறகு தோன்றியது.

"உங்க வகைதான்."

"எங்கே விப்பீங்க?"

"இப்போதைக்கு எங்க சந்தையில. யூனியன்ல சேர்ந்துட்டா உங்க கிடங்குக்கே கொண்டாந்துருவேன்."

ஓரம் வந்தது. முதல்முறையாக ரோமுவால்ட் திரும்ப மறந்தார். கோட்டைத் தாண்டி, நடைபாதையைத் தாண்டி, புல்லுக்குள் நாலடி போன பிறகுதான் பொலெக்கின் கூச்சல் காதில் விழுந்தது. ஓடி வந்து கோட்டில் ஏறினார். ஏறிய வேகத்தில் சட்டைப்பையிலிருந்து, ஓரமாக நிறுத்தியிருந்த தன் வேனின் சாவியை எடுத்து ஒரிஸ்யாவின் கையில் திணித்தார். "மேற்கு வரிசையிலேருந்து ஆரம்பிங்க. அதுதான் ரொம்பக் கனிஞ்சிருக்கு." ஆறு பெண்களும் பாதசாரிகளாக, சட்டப்படி, சாலையைக் கடந்து வேனில் ஏறிப் போனார்கள். அவர்களுடைய நாடு சேரக் கூடாது என்று ரோமுவால்ட் மேலும் இரண்டரை மணி நேரம் நடந்தார்.

பன்னிரண்டே காலுக்குத் தோட்டத்துக்கு வந்தவர் நேராகக் கூடையைக் கட்டிக்கொண்டு வரிசைக்குள் இறங்கினார். இரேனா கொண்டுவந்த சூப்பை நின்றபடி குடித்தார். ஏழு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது கடைசிப் பழத்தட்டு லாரியில் ஏறியது. எல்லாம் பிழைத்துவிட்டது. அதில் அவருக்கு இருக்க வேண்டிய சந்தோஷம் இல்லை. பழம் நன்றாக இருக்கிறது என்று கிடங்குக்காரன் பாராட்டியபோதுகூட, இதே தராசில் இன்னொருத்தியின் தட்டு ஏறுவதுதான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

லாரி போன பிறகு ஒரிஸ்யா வந்தாள். கையெல்லாம் சிவப்பு. ஒரு துண்டுக் காகிதமும் பேனாவும் வைத்திருந்தாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கணும். வரிசைக்கும் வரிசைக்கும் நடுவுல எவ்வளவு விடணும்? இடம் கம்மி, நிறைய வரிசை போட்டா தேவலைன்னு பாக்கறேன்."

ரோமுவால்ட் பூட்ஸிலிருந்த சேற்றை ஒரு குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார். "ஒண்ணரை மீட்டர்" என்றார். "போதும்."

அவள் எழுதிக்கொண்டாள். நன்றி சொல்லிவிட்டு, வாளிகளைக் கழுவக் குழாயடிக்குப் போனாள்.

ஒன்றரை மீட்டர் விட்டால் முதல் வருஷம் ஒன்றும் தெரியாது. இரண்டாம் வருஷம் பச்சையாக நெருங்கிப் பார்க்க அழகாகக்கூட இருக்கும். மூன்றாம் வருஷம் இலையோடு இலை உரசிக் காற்று நுழைய வழியில்லாமல், ஒரு மழைக்கு நாற்பது சென்ட்டும் சாம்பல் பூஞ்சை பிடித்து அழுகிவிடும். ரோமுவால்டுக்கு அது தெரியும். இந்த மாவட்டத்தில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை. சேறு முழுக்கப் போன பிறகும் சுரண்டிக்கொண்டே இருந்தார். குழாயடியில் பெண்கள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். இரண்டு மாட்டை விற்றவளின் சிரிப்பும் அதில் கேட்டது. அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

குச்சியை எறிந்துவிட்டு எழுந்தார்.

"அம்மா! இங்க வாங்க. அந்த வாளியை அப்புறம் கழுவலாம்."

ஒரிஸ்யா கையைப் பாவாடையில் துடைத்தபடி வந்தாள். அவர் வேலி ஓரத்தில் குதிகாலை ஒட்டி நின்றார். பிறகு ஈரமண்ணில் நீளமாக ஓரடி வைத்தார். இன்னோரடி. மூன்றாவது அடியை ஊன்றி, பூட்ஸ் புதையும்படி அழுத்தினார்.

"மூணு மீட்டர்" என்றார். "கம்மி பண்ணாதீங்க. காத்து போகணும்."

"ஒண்ணரைன்னீங்களே?"

"உங்க காலுக்கு எத்தனை அடின்னு எண்ணிப் பாருங்க. அங்க போய் மறந்துருவீங்க."

ஒரிஸ்யா வேலியை ஒட்டி நின்று, குனிந்து பார்த்து, ஒவ்வொரு அடியாக எண்ணிக்கொண்டு வந்தாள். அவள் நாலாவது அடி வைத்து, அவள் செருப்பு தன் பூட்ஸைத் தொடும் வரைக்கும் ரோமுவால்ட் காலை எடுக்கவில்லை.