பங்காருப்பேட்டைக்கு ரோசியோடு போன நாள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, மழை ஓய்ந்து குளிர் தொடங்கியிருந்த நேரம். கோலார் தங்க வயலில், ஊரிகம் ஸ்டேஷனுக்குப் பின்னால், சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றில் நானும் என் கணவரும் இருக்கிறோம். அவர் ராபர்ட்சன்பேட்டையில் ஆட்டோ ஓட்டுகிறார். எங்களுக்கு ஒரே மகன். தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தவன், அலைச்சல் தாங்கவில்லை என்று அங்கேயே அறை எடுத்துத் தங்கிவிட்டான். வெளிநாடு ஒன்றும் இல்லை, ரயிலில் போய்விடுகிற தூரம்தான். ஆனாலும் மாதத்துக்கு ஒரு முறை வந்தால் பெரிது. சாயங்காலமானால் வீடு என்னைத் தின்ன வருவது போல இருக்கும். கணவரிடம் ஒரு நாய்க்குட்டி வாங்கித் தரச் சொன்னேன்.

"வாங்கறது இன்னாத்துக்கு? காப்பகத்துல எவ்ளோ கெடக்குது, வா போய்ப் பாக்கலாம்" என்றார்.

ஊருக்கு வெளியே, தகரக் கூரை போட்ட இடம் அது. அங்கே நாய்களைப் பார்த்துக்கொள்ளும் பெண் எங்களை ஒரு கூண்டின் முன்னால் நிறுத்தினாள். உள்ளே செம்பழுப்பு நிறத்தில் ஒரு தாய் நாய், அதன் மேல் சாய்ந்தபடி ஒரு குட்டி. தாய்க்கு ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருந்தது. நாட்டு நாயும் ஏதோ சீமை நாயும் கலந்த சாதி. சுரங்கம் ஓடிய காலத்துப் பழைய தொட்டி ஒன்றில், மழைத் தண்ணீரில் இரண்டும் விழுந்து கிடந்தனவாம். தீயணைப்புக்காரர்கள் வந்து எடுக்கும் வரை குட்டியை வாயில் கவ்வித் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்தபடியே தாய் நின்றிருந்ததாம்.

நான் குட்டியைத்தான் கேட்டேன். "குட்டிய ஆல்ரெடி ஒரு ஃபேமிலி கேட்டுட்டாங்க ஆன்ட்டி, நாளைக்கு வராங்க. எல்லாரும் குட்டியத்தான் கேக்கறாங்க. தாய யாரும் கேக்கறதில்ல" என்றாள் அந்தப் பெண்.

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் அதற்குள் கம்பிக்குள் கையை விட்டுத் தாயின் மடிந்த காதைத் தடவிக்கொண்டிருந்தார். குட்டியை அவர்கள் எடுத்துக்கொண்டு போன பிறகு வந்து தாயை அழைத்துக்கொண்டோம். ரோசி என்று பெயர் வைத்தோம்.

கடிக்கவில்லை, குரைக்கவில்லை. ஆனால் சாப்பிடவும் இல்லை. பால்சோறு, கறி எலும்பு, பிஸ்கட், எதை வைத்தாலும் முகர்ந்துவிட்டுத் தெருக்கதவுப் பக்கம் போய்விடும். கொடியிலிருந்து விழுந்த மகனின் பழைய காலுறையைக் கவ்விக்கொண்டு போய் மூலையில் வைத்து நக்கிக்கொண்டிருக்கும். படுக்கும்போதுகூட, வயிற்றுக்கும் காலுக்கும் நடுவே ஒரு குட்டி படுக்கும் அளவுக்கு இடம் விட்டுத்தான் சுருண்டுகொள்ளும். அதைப் பார்த்துவிட்டு நான் சமையலறைக்குள் போய் அழுதிருக்கிறேன். கால்நடை டாக்டர் ஊசி போட்டு, "உடம்புக்கு ஒண்ணும் இல்லம்மா, ஆனா இப்படியே சாப்பிடாம விட்டா தாங்காது" என்றார். விலா எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது.

காப்பகத்துப் பெண்ணுக்குப் போன் செய்து கெஞ்சினேன். குட்டியை எடுத்தவர்களிடம் பேசி அவள் சம்மதம் வாங்கித் தந்தாள். அவர்கள் பங்காருப்பேட்டையில் இருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் ஆட்டோ ஓட்ட, ரோசியை மடியில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். தூக்கியபோது காற்றுப் போல இருந்தது.

வாசலில் நின்ற தெலுங்குக்கார அம்மாளுக்கு என் வயதுதான் இருக்கும். குட்டியை மார்போடு இறுக்கிப் பிடித்திருந்தார். "வாங்க" என்றுகூடச் சொல்லாமல், "குட்டிய தூக்கினு போகவா வந்தீங்க?" என்றார்.

"இல்லம்மா, பாத்துட்டுப் போயிடறோம். இது சாப்பிட மாட்டேங்குது" என்றேன். அவர் ரோசியின் விலாவைப் பார்த்தார். மெதுவாகக் குனிந்து குட்டியைக் கீழே விட்டார்.

ரோசி ஓடியது. இத்தனை நாள் எழுந்து நிற்கவே தள்ளாடிய நாய் ஓடியது. குட்டியைக் கீழே தள்ளி, காது, வயிறு, பாதம் என்று ஓரிடம் விடாமல் நக்கியது. அதுவரை கேட்காத ஒரு மெல்லிய சத்தம் அதன் தொண்டையிலிருந்து வந்துகொண்டே இருந்தது. குட்டியும் மடியைத் தேடி முட்டியது. பால் வற்றிப் போயிருந்தது. கொஞ்ச நேரம் முட்டிப் பார்த்துவிட்டு வாலைக் கடித்து விளையாட ஆரம்பித்தது.

அந்த அம்மாள், "சின்னி, ரா தல்லி" என்று தெலுங்கில், 'வாடி தாயீ' என்பது போலச் செல்லமாகக் கூப்பிட்டார். அவ்வளவுதான். குட்டி தாயை விட்டுவிட்டுக் குடுகுடுவென்று ஓடி அவர் காலடியில் உட்கார்ந்துகொண்டது. ரோசி பின்னால் போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே பார்த்தது. பிறகு என்ன தோன்றியதோ, சுவரோரம் இருந்த குட்டியின் கிண்ணத்துக்குப் போய், அதில் மிச்சம் இருந்த பால்சோற்றைச் சாப்பிடத் தொடங்கியது. அந்த அம்மாள் உள்ளே ஓடி இன்னும் பால் கொண்டுவந்து ஊற்றினார். ஊற்றும்போது அவர் கண்ணிலிருந்தும் தண்ணீர் வழிந்தது.

என் கணவர், "ஏம்மா, ஒண்ணு கேக்கலாமா?" என்று ஆரம்பித்தார். அவர் என்ன கேட்கப் போகிறார் என்று எனக்குத் தெரியும். அந்த அம்மாளின் கை தானாகக் குட்டியின் முதுகில் போய் அழுந்தியது. அதை என் கணவரும் பார்த்துவிட்டார். "குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்று முடித்துக்கொண்டார். அந்த அம்மாள் டீயே போட்டுக் கொடுத்தார்.

கிளம்பும்போது ரோசி வாசலில் நின்றுகொண்டது. கயிற்றை இழுக்க எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை. உள்ளே குட்டி ஒரு செருப்போடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்த ரோசி, தானாகத் திரும்பி ஆட்டோவில் ஏறி என் காலடியில் படுத்தது. அன்று சாயங்காலம் வீட்டில் வைத்த சோற்றையும் சாப்பிட்டது.

அடுத்த மாதம் மகன் வந்து திரும்பிப் போகும்போது, வழக்கமாக அழுது அனுப்புகிற நான், ஸ்டேஷன் வரை ரோசியோடு நடந்து போய்க் கையசைத்துவிட்டு வந்தேன். வரும் வழியில் நாலு தடவை ஸ்டேஷனைத் திரும்பிப் பார்த்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

ரோசி இப்போது நன்றாகக் கொழுத்துவிட்டது. தெருவில் யாருடைய ஆட்டோ வந்தாலும் வாலாட்டும். ஆனாலும் எங்காவது ஒரு குட்டி கத்தினால், சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்கி, நிமிர்ந்த காதோடு மடிந்த காதையும் உயர்த்திக் கொஞ்ச நேரம் கேட்கும். பிறகு குனிந்து சாப்பிடும். ஏக்கம் தீர்ந்தால்தான் வாழ முடியும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, அதையும் கூட வைத்துக்கொண்டே சாப்பிடலாம், தூங்கலாம், வருகிறவர்களைப் பார்த்துச் சந்தோஷப்படலாம் என்பதை இந்த வாயில்லாத ஜீவன்தான் இன்றைக்கும் தினம் தினம் காட்டிக்கொண்டிருக்கிறது.