நீக்கப்பட்ட பூட்டு

மகளின் சர்க்கரை நோய்க்காக, இன்சுலின் அளவைக் கணக்கிடும் செயலி ஒன்றை எழுதினார் அப்பா. யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்ற உரிமத்தோடு இணையத்தில் வெளியிட்டார். ஒருவன் அதை நகலெடுத்து, அளவு மீறாமல் தடுக்கும் பூட்டையே நீக்கிவிட்டான். அதைப் பார்த்தார் அப்பா. உடனே அவனுக்குப் போன் செய்தார்.

"தம்பி, அந்தப் பூட்டை மட்டும் திரும்பப் போட்டுடுப்பா."

"சும்மா சும்மா தடுக்குதுன்னு எல்லாரும் திட்டுறாங்க சார். மாத்தலாம்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

போனை வைத்தவரைப் பார்த்து மனைவி சொன்னாள்: "தானம் கொடுத்த மாட்டை எங்க கட்டணும்னு நீங்க சொல்ல முடியுமா?"

"யாரை முட்டுமோன்னு பயமா இருக்கேடி."

இப்போது அந்த நகலைப் பயன்படுத்துவோரின் சந்தேகங்களுக்கு அவரே வலியப் போய்ப் பதில் எழுதுகிறார். அவர்களில் தினமும் எழுதும் ஒருவர் திடீரென்று எழுதாமல் போனால், அப்பாவுக்குச் சோறு இறங்குவதில்லை.